ஒரு தப்புக்கு ஒரு தண்டம்

எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை. ஆனாலும் சட்டத்தரணி அலுவலக வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். விலகிய அன்று கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், மறுநாள் என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தார். ஓய்வு என்பதற்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. இப்போது மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு வரைபடம் வரைகிறேன். மலை வேறு நாள் வேண்டும் என்று தவணை கேட்பதில்லை என்பதைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் றிஸ்னா. போன வாரம் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள்: “அக்கா, வழக்குக்கு நடுவுல நாங்க போட்ட விண்ணப்பம் செலவோட தள்ளுபடி. செலவு யார் கட்டுற? இப்பவா, வழக்கு முடிஞ்ச பொறகா? கட்சிக்காரர் முன்னால நிக்கிறார். சேர் கோட்டுல இருக்கார்.”

இதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. அந்த ஒரு வரியை எழுதத் தொடங்கியபோதுதான் சிவபாக்கியம் அக்காவின் வழக்கு நினைவுக்கு வந்தது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைவு படித்தவள். சட்டம் படிக்கவில்லை. நிஸாம்தீன் சேருக்குப் பதுளையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அலுவலகம் இருந்தது. காணி வழக்குகள் அதிகம். நில அளவைப் படத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நேர்முகத் தேர்வன்று அவர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். வடக்குத் திசை கீழே இருந்தது. நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். “நல்லது” என்றார். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மற்றதையெல்லாம் பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வழக்கில் வென்றாலும் அவர் “நல்லது” என்பார். தோற்றாலும் “நல்லது” என்பார். எது எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கட்டளையை வாசிக்க வேண்டும். நான் தட்டச்சு செய்த பத்திரங்களைத் திருத்த மாட்டார். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒரே வரியில் இரண்டு பிழை இருந்தாலும் புள்ளி ஒன்றுதான். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு மகிழ்ச்சியாகப் போனால் அதே பத்திரம் அதே புள்ளியுடன் திரும்பி வரும். நீதிமன்றப் படிகளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்களுடன் எப்படிப் பழக வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்:

“எதிர்ப்பக்கத்துக்கு நாங்க புத்தி சொல்லப் போறதில்ல மகள். பொய்யும் சொல்லப் போறதில்ல. கேட்டா, கேட்டதுக்குப் பதில்.”

வழக்குச் செலவு பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்பு இடையில் எதையாவது கேட்கும். பத்திரத்தைத் திருத்த வேண்டும், ஒரு ஆளைச் சேர்க்க வேண்டும், தவணை வேண்டும் என்று. நீதிமன்றம் மறுத்தால் அந்த விண்ணப்பத்தால் ஏற்பட்ட செலவை யார் தலையில் போடுவது என்ற கேள்வி வரும். நான் பார்த்த கட்டளைகள் நான்கு வகை. ஒன்று, கேட்டுத் தோற்றவரே கட்ட வேண்டும், கடைசியில் வழக்கை வென்றாலும் சரி. இரண்டு, பொறுத்திருங்கள், கடைசியில் வழக்கில் தோற்பவர் கட்டுவார். மூன்று, அவரவர் செலவு அவரவருக்கு. நான்காவதற்குத்தான் பல் உண்டு. தவணை கேட்டவருக்குத் தவணை கிடைக்கும், ஆனால் அடுத்த தவணையன்று காலை பத்து மணிக்கு முன் மறுபக்கத்துக்குச் செலவைக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அவருடைய வழக்கே விழுந்துவிடும். அலுவலகத்தில் அதைப் பத்து மணிச் செலவு என்போம்.

எந்த வகையானாலும் தொகை பெரிதாக இருக்காது. முறை மட்டும் கண்டிப்பானது. அவர்கள் சட்டத்தரணி எங்கள் சட்டத்தரணியிடம் கொடுப்பார், ரசீது எழுதுவோம், அதன் பிறகுதான் கட்சிக்காரர் கைக்குப் போகும்.

சிவபாக்கியம் அக்கா பசறை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். முழங்கால் போன பிறகு வேலையை விட்டார். கணவர் இல்லை, மகன் கொழும்பில் ஒரு கடையில். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டை விட்டுவிட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் வழக்குப் போட்டது. வீடு என்றால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. அவர் பிறந்ததும் அதே லயத்தில்தான், இரண்டு காம்பரா தள்ளி. காம்பராவுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டில், காய்கறி போட்ட ஒரு சிறு கறித்தோட்டம். வழக்கில் தோற்றால் போக வேறு இடம் இல்லை. முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாட்ட எங்க கட்டுறதுங்க?”

வழக்கை எழுதிய எதிர்ச் சட்டத்தரணி காம்பராவைக் குறிப்பிட்டார், கொட்டிலையும் கறித்தோட்டத்தையும் மறந்துவிட்டார். விசாரணை தொடங்கிய பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. பத்திரத்தைத் திருத்த அனுமதி கேட்டார். காலம் கடந்துவிட்டது என்று நிஸாம்தீன் சேர் எதிர்த்தார். நீதவான் ஒப்புக்கொண்டார். விண்ணப்பம் செலவுடன் தள்ளுபடி. முதல் வகைக் கட்டளை.

அடுத்த தவணையில் தோட்டத்துக் கிளாக்கர் ஒரு கடித உறையுடன் வந்தார். பெயர் சந்தனம். அவரும் அதே தோட்டத்து லயத்துப் பிள்ளைதான், படித்து அலுவலகத்துக்குப் போனவர். நிர்வாகத்தின் முதல் சாட்சியும் அவரே, வீட்டுப் பதிவெல்லாம் அவர் கையில். முறைப்படி உறை அவருடைய சட்டத்தரணி வழியாக எங்கள் சேரிடம் வந்தது. ரசீது எழுதினேன். சேர் உறையை அக்காவிடம் கொடுத்தார். கிளாக்கர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு குடுத்ததுங்க?” என்றார் அக்கா.

“தோட்டத்துப் பக்கம்” என்றேன்.

“தொரையா?”

“தொரைதான்” என்றேன். தோட்டத்து மனேஜரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“தப்புன்னு ஒத்துக்கிட்டாரா?”

“அந்த விண்ணப்பத்துல தோத்துட்டாங்க. அதுக்கான செலவு.”

அக்கா கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் தலையை ஆட்டினார். நான் அடுத்த தவணைத் திகதியைச் சொன்னேன். அதற்கும் இருவரும் தலையை ஆட்டினார்கள்.

அந்தத் திகதியில் அக்கா வரவில்லை. வழக்கமாக எங்களுக்கு முன்பே வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பவர். சேர் கேட்டால் சொல்லலாம் என்று கென்டீன், தபாற்கந்தோர்ப் பக்கம், பஸ் நிறுத்துமிடம் மூன்றிலும் பார்த்துவிட்டு வந்தேன். அங்கெல்லாம் எதிர்ச் சட்டத்தரணியும் வந்துகொண்டிருந்தார். அவர் தேடியது கிளாக்கரை. கடைசியில் என்னிடமே, “என் சாட்சி எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார், நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்பதுபோல. “தெரியாது சேர்” என்றேன். கேட்டதற்குப் பதில்.

வழக்கு அழைக்கப்பட்டது. எதிர்ச் சட்டத்தரணி சாட்சி இல்லை என்று தவணை கேட்டார். உங்கள் கட்சிக்காரர் எங்கே என்று நீதவான் நிஸாம்தீன் சேரையும் கேட்டார். “அவருக்காக நான் இருக்கிறேன்” என்றார் சேர். சட்டப்படி அது போதும். தவணை கிடைத்தது, நான்காவது வகைக் கட்டளையுடன். அடுத்த முறை பத்து மணிக்கு முன் செலவு, இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

வெளியே வந்ததும் சேர் சொன்னார்: “நாளைக்கு மேல போய்ப் பாத்துட்டு வாங்க மகள். வழக்குல ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே நாள்ல காணாமப் போறதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்.”

மறுநாள் போனேன். அக்கா கொட்டிலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்.

“வாங்க பிள்ள! டீ ஊத்தவா?”

“நேத்து ஏன் கோட்டுக்கு வரல அக்கா?”

“எந்தக் கோட்டுக்கு?”

“உங்க கேஸ் அக்கா.”

“அதுதான் முடிஞ்சிருச்சே.” எனக்கே தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். “தொரை தண்டம் கட்டிட்டாரே.”

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். இந்திராணி என்று பெயர், பிறகு தெரிந்தது. “இந்தத் தோட்டத்துல தொரை தண்டம் கட்டி நாங்க யாருமே பாத்ததில்ல” என்றார். “நீ வந்து கெடுத்துறாத ஆயி.”

அங்கே நடைமுறை இதுதான். தோட்டத்துக்குள் தகராறு வந்தால் தலைவரும் கோவில் கமிட்டியும் முனியாண்டி கோவிலடியில் உட்கார்ந்து கேட்பார்கள். தப்புச் செய்தவர் தண்டம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வென்றவருக்குப் போகாது, சாமிக்குப் போகும். சாமி வாங்கிய பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அதற்குத் தனித் தண்டம். அக்கா உறையை வாங்கிக்கொண்டு மேலே வந்து அன்று மாலையே கோவிலில் வைத்துவிட்டார். சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். பணத்தில் குத்துவிளக்கு வாங்குவதா ஒலிபெருக்கி வாங்குவதா என்று கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டதால் அது மட்டும் செலவாகாமல் உண்டியலில் இருந்தது.

கமிட்டியின் பொருளாளர் யார் என்று கேட்டேன்.

“நம்ம கிளாக்கர் ஐயாதான்” என்றார் அக்கா. “அவருதான் சாமி முன்னால வாங்கி வச்சாரு.”

வழக்கின் இரு பக்கமும் காணாமல் போன காரணம் அதுதான்.

நான் அக்காவை உட்கார வைத்து விளங்கப்படுத்தினேன். அவர்கள் கட்டியது திருத்தம் கேட்டுத் தோற்றதற்கு மட்டும். வீட்டைப் பற்றிய வழக்கு அப்படியே இருக்கிறது. நேற்று கிளாக்கர் வந்திருந்தால் விசாரணை நடந்திருக்கும். அடுத்த முறை அவர் வந்து சாட்சி சொல்லித் தீர்ப்பு எதிராகப் போனால் காம்பராவை விட வேண்டி வரலாம். இரண்டு தடவை சொன்னேன். கடைசியில் அக்கா கேட்டார்:

“அப்ப சாமிக்கிட்ட பொய் சொன்னது யாரு?”

டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கோவிலைத் தாண்டி இறங்கும்போது கிளாக்கர் எதிரே வந்தார். சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனாவுடன். “அந்தக் கேசு விசயமாவா வந்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “நேத்து எனக்கு வயித்துக் கோளாறு” என்றார். “தொரைக்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.”

நடந்ததை நிஸாம்தீன் சேரிடம் ஒப்புவித்தேன். அக்கா சாமியைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். வழக்கமான சொல்லை அன்று அவர் சொல்லவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அந்த அம்மா அடுத்த தவணைக்குக் கட்டாயம் வரணும்” என்றார்.

அக்கா வந்தார். இந்திராணி துணைக்கு வந்தார், சண்டை வந்தால் பேசுவதற்கு. வராந்தாவில் கூட்டமாக இருந்தது. எதிர்ச் சட்டத்தரணிக்குப் பக்கத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆகவே உறையை எங்கள் பக்கத்திடம் கொடுத்து ரசீது வாங்கி வைக்கும்படி கிளாக்கரிடம் சொல்லிவிட்டு அங்கே போயிருந்தார். கிளாக்கர் எங்களை நோக்கி வந்தார். உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இது தொரை குடுத்து விட்டதும்மா” என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எதுக்கு?”

“அன்னைக்கு நான் வராததுக்கு.”

“நீங்க வராததுக்கு நான் எதுக்கு வாங்கணும்? நானுந்தான் வரல.”

“கோட்டு கட்டச் சொல்லுதும்மா.”

“ஒரு தப்புக்கு ஒரு தண்டம். அதான் சாமி வாங்கிருச்சே. ரெண்டாவது வாங்குனா மொதல்ல வாங்குனது பொய்யாயிரும். எனக்கு வேணாங்க.”

“பிச்சக்காரின்னு நெனச்சீங்களா ஐயா?” என்றார் இந்திராணி. “தொரைக்கு அம்புட்டு ஆசைன்னா கோவிலுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க.”

“விளக்குதான் வாங்கணும்” என்றார் கிளாக்கர், பழக்கத்தில்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ள, நீங்க சொல்லுங்க. இது ரெண்டாவது தண்டமா?”

கேட்டுவிட்டார். ஆகவே சொன்னேன். “இல்லீங்க ஐயா. இது தண்டமே இல்ல, வழக்குச் செலவு. அவங்க கையில வாங்காட்டியும் ஒண்ணுமில்ல. உங்க சட்டத்தரணிக்கிட்டக் குடுத்தா அவர் எங்க சேர்கிட்டக் குடுப்பார். அதுதான் முறை. பத்து மணிக்கு முன்னால குடுக்கணும்.”

“குடுக்கலைன்னா?”

“கேஸ் தள்ளுபடியாகிரும்.”

“தள்ளுபடியானா?”

“அக்கா வீட்டுல இருப்பாங்க.”

கிளாக்கர் பக்கத்து நீதிமன்றக் கதவைப் பார்த்தார். அவருடைய சட்டத்தரணியின் கறுப்புக் கோட் உள்ளே தெரிந்தது. நடந்தால் சிறிது தூரம்தான். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

“எனக்கும் அடுத்த வருசம் பென்சன். நானும் தோட்டத்து வீட்டுலதான்” என்றார் அவர். அது கேள்வி இல்லை.

உறையைச் சட்டைப் பையில் வைத்தார். பேனாக்களை எடுத்துவிட்டு வைத்தார், பிறகு பேனாக்களை மீண்டும் குத்தினார்.

“பிள்ள, கென்டீன் எந்தப் பக்கம்?”

கை காட்டினேன். அதுவும் கேட்டதுதான்.

நிஸாம்தீன் சேர் படியேறி வந்தார், வழக்கம்போல ஓடாமல். நடந்ததைச் சொன்னேன்.

“அவர் கேட்டாரா?”

“கேட்டார்.”

“எல்லாம் சொன்னீங்களா?”

“எல்லாம் சொன்னேன் சேர். யார்கிட்டக் குடுக்கணும்னும் சொன்னேன்.”

“நல்லது.”

வழக்கு அழைக்கப்பட்டபோது பத்து மணி தாண்டியிருந்தது. செலவு கட்டியாயிற்றா என்று நீதவான் கேட்டார். எதிர்ச் சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். கிளாக்கர் கடைசி வரிசையில் எழுந்து நின்றார், மேலுதட்டில் பால்தேநீர் நுரை. “குடுத்தாச்சா?” என்று அவர் கேட்டதற்கு, “இல்லீங்க” என்றார். சட்டத்தரணி இப்போது கட்டிவிடுகிறோம் என்றார். நிஸாம்தீன் சேர் எழுந்து மூன்று விஷயம் சொன்னார். செலவு கிடைக்கவில்லை. காலையில் வாசலில் உறையை நீட்டியபோது தன் கட்சிக்காரர் கையால் வாங்க மறுத்தார், அதை மறைக்க விரும்பவில்லை. சட்டத்தரணி வழியாகக் கொடுக்கலாம் என்று தன் அலுவலகம் சாட்சியிடம் நேரத்தோடு சொல்லியிருக்கிறது. அப்படிச் சொன்னார்களா என்று நீதவான் கிளாக்கரையே கேட்டார்.

“வெளக்கமா சொன்னாங்க” என்றார் கிளாக்கர்.

கட்டளை ஒரே வாக்கியம். வழக்கு செலவுடன் தள்ளுபடி. சிங்களத்தில் சொல்லப்பட்டதால் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“முடிஞ்சிருச்சு அக்கா.”

“போன தடவ மாதிரியா?”

“இல்ல. இது நிஜமா.”

மாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். கிளாக்கரும் அதே பஸ்ஸில்தான் போனார்.

தோட்டத்தில் துரை கிளாக்கரைக் கூப்பிட்டு, வழக்குத் தள்ளுபடியான செலவை நீயே கட்டு என்று சொல்லிவிட்டார். பத்து மணிச் செலவுக்குக் கொடுத்தனுப்பிய உறையையும் திருப்பி வாங்கிக்கொண்டார். மேன்முறையீடு செய்யவில்லை. சில மாதத்தில் புதுத் துரை வந்தார். பழைய துரை போட்ட வழக்குகளைப் புதுத் துரைமார் விரும்புவதில்லை.

கிளாக்கர் கட்டத்தான் இருந்தார். அதற்குள் கோவில் கமிட்டி கூடியது. இந்தத் தண்டம் யாருடைய தப்புக்கு என்பது கேள்வி. துரை தப்பு என்றால் அதற்கு முன்பே தண்டம் வாங்கியாயிற்று. அக்கா மேல் தப்பில்லை. கிளாக்கர், சாமி முடித்துவைத்த பேச்சை மறுபடி எடுக்க மறுத்தவர், அது தப்பில் சேராது. மிஞ்சியது ஒருவர்தான். பேச்சை முடித்துவைத்தது முனியாண்டி, ஆகவே அதனால் வந்த செலவும் முனியாண்டியுடையது. விளக்குக் கட்சியும் ஒலிபெருக்கிக் கட்சியும் முதன்முறையாக ஒத்துப்போனதாக இந்திராணி சொன்னார்.

கிளாக்கர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து பணத்தை மேசையில் வைத்தார். முதல் முறை நாங்கள் ரசீது எழுதிக் கொடுத்த அதே உறை, மேலே இப்போது திருநீறு. குறைந்ததற்கு உண்டியல் சில்லறை. சேர் ரசீதுப் புத்தகத்தை என்னிடம் தள்ளினார்.

“யார் கட்டினதுன்னு எழுதட்டும் சேர்?” என்றேன்.

அவர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் கூரையைப் பார்த்தார்.

“வழக்காளி சார்பில்னு போடுங்க மகள்” என்றார் சேர்.

அடுத்த நாள் சிவபாக்கியம் அக்கா வந்து உறையை வாங்கிக்கொண்டார். எங்கே கொண்டுபோகிறார் என்று நான் கேட்கவில்லை. உறையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் நினைத்துவிட்டு றிஸ்னாவுக்குப் பதில் அனுப்பினேன்: “தோற்ற பக்கம் கட்ட வேண்டும், வழக்கு முடியும்வரை பொறுக்காமல். கட்டளையில் பத்து மணி என்று இருந்தால் பத்து மணிக்கு முன். சேர் கையால் மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும். ரசீது வாங்கு.”

உடனே மறுசெய்தி வந்தது.

“சரி அக்கா. இவர் இன்னொண்டும் கேக்குறார். செலவைக் கட்டினா கேஸ் முடிஞ்சிருமாம், அப்படித்தானேண்டு. என்ன சொல்ற?”

எழுதினேன்:

“எந்தத் தோட்டம் என்று கேள்.”